புகைக்கூடத்துப் பெரியவரின் பெட்டி

அவிசாவளையில் நெடுஞ்சாலை இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை இரத்தினபுரிக்குச் செல்கின்றது. மற்றது எட்டியாந்தோட்டை, கித்துல்கலை ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு அட்டனுக்கு ஏறுகின்றது. மாணிக்கக் கல்லை நாடுவோர் முதற் பாதையிலும், மலைநாட்டுக் குளிரை நாடுவோர் இரண்டாவது பாதையிலும் போவது வழக்கம். இந்த இரண்டாவது பாதையில், பிரயாணிகள் நெருக்கியடித்துத் தத்தம் இடங்களைச் சரிசெய்துகொண்டு முடிவதற்குள் வந்துவிடுகின்ற ஊர் தெஹியோவிட்ட. அட்டனுக்குப் போகிறவர்களிற் பெரும்பாலோர் இவ்வூரைப் பஸ் சன்னல் வழியே பார்த்ததோடு சரி.

இறங்கிப் பார்க்கத் தக்க ஊர்தான். சீதாவாக்கை இராச்சியம் போர்த்துக்கீசரை அலைக்கழித்த பதினாறாம் நூற்றாண்டில், அதன் தலைநகருக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த பூமி இது. பின்னாளில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டம் போட்டபோது, அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை வரை 1903-ஆம் ஆண்டில் சின்ன ரயில் ஒன்று இவ்வழியே ஓடத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-இல் அந்தக் கிளைப் பாதை மூடப்பட்டது. ரயிலைத் தம் கண்ணால் கண்டவர்கள் இன்று ஊரில் அருகிவிட்டார்கள். ஆனால் ரயில் சுமந்து சென்ற பொருள் மட்டும் இன்றும் இருபுறமும் வரிசை வரிசையாக நிற்கின்றது. அதுதான் இறப்பர்.

1876-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டு, அந்நாற்றுக்கள் கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேறி இலங்கைக்கு வந்து, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றின் சந்ததிதான் களனிப் பள்ளத்தாக்கு முழுவதையும் மூடியது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் நிலம். தேயிலைக்கு வேண்டிய குளிர் இங்கே குறைவு. இறப்பருக்கு வேண்டிய வெக்கையும் ஈரமும் நிறைவு. நான் போன மாசி மாதத்தில் மரங்கள் இலையுதிர்த்து, செம்பு நிறத் தளிர் விட்டுக்கொண்டிருந்தன. கீழே சருகுகள், மேலே தளிர்கள், நடுவே சிரட்டை கட்டிய மரங்கள். இந்நாட்டில் இலையுதிர் காலம் என்று ஒன்றைக் காண விரும்புவோர் இறப்பர்த் தோட்டத்துக்குத்தான் வரவேண்டும்.

எனினும் இயற்கைக் காட்சிக்காக நான் போகவில்லை. என் தமக்கையின் மகனுக்குத் துணையாகப் போனேன். கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் அப்பிள்ளை பழைய காமிக்ஸ் புத்தகங்களைச் சேகரிப்பவன். தெஹியோவிட்டவுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில், ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் ஒரு பெட்டி நிறைய முத்து காமிக்ஸ் இருப்பதாக அவனுக்குச் செய்தி எட்டியிருந்தது.

காமிக்ஸ் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். சிவகாசியிலிருந்து 1972-ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மாத்திரம் தெரியும் அந்த மனிதன், 1962-இல் 'வேலியண்ட்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகையில் பிறந்தவன். அவனுக்கு உருக் கொடுத்தவர் ஸ்பானிய ஓவியர் கெசூஸ் பிளாஸ்கோ. தமிழுக்கு வந்த பின்னர் அவன் தமிழனாகவே ஆகிவிட்டான். ஐம்பது வயது கடந்த கனவான்கள் எத்தனையோ பேர் அவன் பெயரைச் சொன்னால் பிள்ளைகளாகிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகள் கிழித்துப் போடும் புத்தகத்துக்கு இன்று விலை வந்துவிட்டது. அமெரிக்காவில் வந்திருக்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். 1939-இல் வெளியான 'சூப்பர்மேன்' முதல் இதழின் பிரதி ஒன்று 2025 நவம்பரில் 91 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. வடகலிபோர்னியாவில் காலஞ்சென்ற ஒரு தாயாரின் வீட்டுப் பரணில், பழைய பத்திரிகைகளுக்கு அடியிலிருந்து அவருடைய பிள்ளைகள் எடுத்த பிரதி அது. அந்தப் பகுதியின் குளிர்ந்த சுவாத்தியமே தாளைக் காப்பாற்றியது என்றார்கள். தெஹியோவிட்டப் பரணில் இருந்திருந்தால் அதன் கதி என்னவாகியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பெரியவரின் வீடு, லயங்களுக்கு அப்பால், ஏற்றத்தின் மேல் இருந்தது. தகரக் கூரை, வாசலில் செவ்வரத்தை, திண்ணையில் இரண்டு நாற்காலி. அம்மையார் கித்துள் கருப்பட்டித் துண்டோடு வெறுந்தேநீர் கொண்டுவந்து வைத்தார். பெரியவர் 1968-இல் பதினாறு வயதில் தோட்டத்துத் தொழிற்சாலையில் சேர்ந்து, நாற்பது ஆண்டு அங்கேயே இருந்து ஓய்வு பெற்றவர். 1975-இல் கொம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்தின் வசமாயின. 1992-இல் நிருவாகம் மறுபடியும் கொம்பனிகளிடம் போனது. துரைமார் மாறினார்கள், பெயர்ப்பலகைகள் மாறின. புகைக்கூடத்து வாசலில் நின்று இறப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துத் தரம் பார்க்கும் அவருடைய வேலை மாத்திரம் மாறவில்லை.

பெட்டியைத் திறப்பதற்கு முன் அவர் எங்களைப் பழைய புகைக்கூடத்தின் பக்கம் அழைத்துச் சென்றார். விறகுப் புகை மணம் சுவரிலேயே ஊறியிருந்தது. இவ்விடத்தில் இறப்பரின் கதையைச் சற்றே சொல்லவேண்டும். பெட்டியின் கதை அதனுள்தான் இருக்கின்றது.

விடியற்காலையில் வெட்டிய பால் வாளிகளில் வந்து சேரும். அதில் நீர் கலந்திருக்கின்றதா என்று அறிய மெட்ரோலாக் என்னும் மிதவையை இடுவார்கள். மாட்டுப் பாலில் நீர் கலந்தால் மிதவை தாழும். இறப்பர்ப் பாலில் நீர் கலந்தாலோ மிதவை உயரும். இறப்பர் நீரைவிட இலேசானது என்பதால் வந்த வேடிக்கை இது. பிறகு பாலை வடிகட்டி, அளவாக நீர் சேர்த்து, போர்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளைகளுக்கிடையே கொடுத்து மெல்லிய தகடுகளாக்கி, கடைசி உருளையில் வரிகள் பதித்து, புகைக்கூடத்தில் சில நாட்கள் தொங்கவிடுவார்கள். புகை ஈரத்தை நீக்குவதோடு பூஞ்சணம் பிடிக்காமலும் காக்கின்றது. தேன் நிறத்தில் வெளிவரும் அந்தத் தகடுதான் வரியிட்ட புகை ஷீட்.

அதன் பின்னர்தான் தரம் பார்த்தல். மரப்பட்டைத் துகள் இருக்கின்றதா, காற்றுக் குமிழி இருக்கின்றதா, பூஞ்சணம் தட்டியிருக்கின்றதா, உலர்த்தத் தாமதமானதால் 'துரு' எனப்படும் பழுப்புப் படலம் படர்ந்திருக்கின்றதா? எல்லாம் கண் பார்வைதான். முதல் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரை, முதல் தரத்துக்கும் மேலே ஒரு விசேஷத் தரம். இத்தரங்களின் இலக்கணம் 'பச்சைப் புத்தகம்' என்று உலக வர்த்தகர்கள் அழைக்கும் சர்வதேச விதிநூலில் எழுதப்பட்டிருக்கின்றது. 1965-இல் மலேசியா, கண்ணை நம்பாமல் ஆய்வுகூடத்தில் அழுக்கையும் சாம்பலையும் அளந்து தரம் கூறும் முறையைக் கொண்டுவந்தது. ஆயினும் ஷீட் இறப்பருக்குக் கண்தான் இன்னும் நீதிபதி.

“தரம் சொல்வது பாதி வேலைதான், தம்பி,” என்றார் பெரியவர் மருமகனைப் பார்த்து. “சொன்ன தரம் கப்பலேறும் வரை அப்படியே இருக்கவேண்டுமே!”

ஷீட்டுகளை அடுக்கி, அழுத்தி, பெரும் பொதியாக்குவார்கள். அதற்குச் சாக்கு உறை கிடையாது. இறப்பர் ஷீட்டே உறை. அவ்வுறையும் உள்ளே இருப்பதன் தரமாகவோ அதற்கு மேற்பட்ட தரமாகவோ இருக்கவேண்டும் என்பது விதி. பொதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதிருக்க வெண்மாவுக் கரைசல் ஒன்றைப் பூசி, அதன் மேல் தோட்டத்தின் குறியையும் தரத்தையும் எழுதுவார்கள். ஒட்டாமல் இருக்கப் பூசிய அப்பூச்சைப் பெரியவர் முத்திரையாகவும் பாவித்திருக்கிறார். பொதியை எவனாவது பிரித்தால் பூச்சு வெடிக்கும். மறுபடி பூசினால் நிறம் சேராது. ஒரு தடவை வெளியார் வியாபாரி ஒருவர் கொண்டுவந்த பொதியின் பூச்சு ஒரு மூலையில் மாத்திரம் புதிதாக இருக்கக் கண்டு, கத்தியால் பிளக்கச் சொன்னாராம். மேலும் கீழும் முதல் தரம். நடு வயிற்றில் கறுத்துப் போன நாலாந் தரம்.

மருமகன் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். பளிங்கு போன்ற பிளாஸ்ரிக் பேழைக்குள் ஒரு காமிக்ஸ், தலைப்பில் ஒரு சீட்டு, சீட்டில் 9.8 என்ற எண்.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு முதல் சீ.ஜீ.சீ. என்னும் ஸ்தாபனம் இவ்வேலையைச் செய்து வருகின்றது. புத்தகத்தை அனுப்பினால், பத்துப் புள்ளி அளவில் தரம் நிர்ணயித்து, பேழைக்குள் வைத்து ஒட்டி, எண்ணிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பேழைக்குள் போன புத்தகத்தை எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. சீட்டைப் பார்த்தே ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். புள்ளியில் சிறு பின்னம் குறைந்தாலும் விலையில் பெருந்தொகை குறையும். படிக்கும் புத்தகத்தைப் படிக்க முடியாதபடி அடைத்து வைப்பது எனக்கு உவப்பான காரியமன்று. ஆனாலும் விலை கொடுப்பவனுக்கு ஓர் உறுதி வேண்டியிருக்கின்றதே!

“இந்தப் பேழையைத் திறந்து மூட வழி இல்லையா?” என்பதே பெரியவரின் முதற் கேள்வி.

“திறந்தால் உடைந்த அடையாளம் தெரியும், ஐயா.”

“பேழை பழுதானால் புதிது தருவார்களா?”

மருமகன் என்னைப் பார்த்தான். நாற்பது வருடம் பொதி பார்த்த மனிதர், அமெரிக்காவையே கலக்கிய மோசடியின் வாசலில் இரண்டாவது கேள்வியிலேயே போய் நின்றுவிட்டார்!

நடந்தது இதுதான். பேழையில் கீறல் விழுந்தால் உரிமையாளர் அதை அனுப்பிப் புதுப் பேழை பெறலாம்; புத்தகத்துக்கு மறுபடி தரம் பார்ப்பதில்லை. சூழ்ச்சிக்காரர் உயர்ந்த தரமுள்ள பேழையைப் பக்குவமாகத் திறந்து, நல்ல பிரதியை எடுத்துக்கொண்டு, அதே இதழின் தாழ்ந்த பிரதியை அச்சீட்டோடு வைத்து, பேழை பழுதென்று அனுப்பிவைத்தார். சீட்டு உண்மையானது; ஆகவே புத்தகமும் உண்மையானதென்று கொள்ளப்பட்டு, புத்தம் புதிய பேழையில் திரும்பி வந்தது. அதாவது, மோசடிக்கு முத்திரை வைத்துக் கொடுத்தது முத்திரைக்காரரின் கையே. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் சேகரிப்போர் சிலர், ஏலங்களில் வெளியான பழைய படங்களையும் புதிய படங்களையும் அருகருகே வைத்து, அட்டையின் ஓர மடிப்புகளையும் புள்ளிகளையும் ஒப்பிட்டு இதனைக் கண்டுபிடித்தார்கள். 2024-இன் தொடக்கத்தில், சந்தேகத்துக்குரிய முந்நூற்றுக்கு மேற்பட்ட புத்தகங்களின் எண்களை ஸ்தாபனமே வெளியிட நேர்ந்தது.

“அந்தப் பழைய படங்கள்தான் எங்கள் வெள்ளைப் பூச்சு,” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் பெட்டியைத் திறந்தார்.

தேக்கு மரப் பெட்டி. பூச்சி உருண்டை மணம். உள்ளே துணியில் பொதிந்து முப்பத்தொரு புத்தகங்கள். களனிப் பள்ளத்தாக்கில் மலிவான அச்சுத் தாளை ஐம்பது வருடம் காப்பதென்றால் அது ஒரு தவம். மரக்கூழ்த் தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தால் தானே பழுக்கும். கம்பி துருப்பிடித்துத் தாளைத் தின்னும். ஈரம் ஏறினால் பூஞ்சணம். பெரியவர் அவற்றை நெடுங்காலம் புகைக்கூடத்துக்கு அருகே இருந்த உலர்ந்த அறையில் வைத்திருந்தாராம். ஆகவே இலேசான புகைமணமும் உண்டு. அதையும் ஒரு குறையாகவே எழுதவேண்டும் என்று அவர் சொன்னார், மருமகன் சிரித்தான், அவர் சிரிக்கவில்லை.

இப்புத்தகங்கள் இங்கு வந்த வரலாறு வேறு. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தோட்டக் குடும்பங்களைக் கூறுபோட்டதை நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரியவரின் தம்பி, உணவுப் பஞ்சம் தோட்டங்களை வாட்டிய 1974-இல், தலைமன்னாரில் கப்பலேறிக் கூடலூரில் தேயிலை நாட்டப் போனார். அண்ணனுக்கு இந்தியப் பிரஜாவுரிமை வரவில்லை, இங்கேயே தங்கினார். இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. 1977-க்குப் பின்னரே கடைகளில் அவை தாராளமாகத் தொங்கின. அதற்கு முன்பே தம்பி தீபாவளிக்குத் தீபாவளி தபாலில் ஒரு மாயாவிப் புத்தகம் அனுப்புவார். சில வந்தன, சில வரவில்லை. வந்த ஒவ்வொன்றின் அட்டையிலும் நீல மையில் ஒரு வரி: அண்ணனுக்கு என்று தொடங்கி, ஊரும் ஆண்டும். தம்பி காலமாகிப் பல வருடங்களாகின்றன. பெட்டியில் அவ்வாறு எழுதப்பட்டவை ஐந்து.

நாங்கள் போவதற்கு முந்திய மாதம் கொழும்பிலிருந்து ஒரு வியாபாரி வந்து பெட்டியைப் பார்த்திருக்கிறார். முப்பத்தொன்றையும் எடுப்பதாகச் சொல்லி, அந்த ஐந்துக்கு மாத்திரம் இருமடங்கு விலை கூறினாராம். ஆனால் மை எழுத்தை மருந்திட்டு நீக்கிவிட்டுத் தரவேண்டும். அட்டை தளர்ந்த ஒன்றுக்கு வேறொரு பிரதியின் அட்டையைப் பொருத்திவிடலாம் என்றும், ஓரம் நைந்தவற்றை ஒரு நூலளவு நறுக்கிச் சமப்படுத்திவிடலாம் என்றும் யோசனை சொல்லியிருக்கிறார்.

இவை புதிய வித்தைகள் அல்ல. ஓரம் நறுக்குதல், வெளுத்த இடத்துக்கு மை தீட்டுதல், துருப்பிடித்த கம்பியைப் புதிதாக்குதல், இரு பிரதிகளைச் சேர்த்து ஒன்றாக்குதல் எல்லாம் மேல்நாட்டுச் சந்தையிலும் உண்டு. நாடாவினாலும் கண்ணாடியினாலும் அளந்து பார்த்து, வண்ணம் தீட்டிப் புதுக்கிய புத்தகம் என்று தெரிந்தால், சீ.ஜீ.சீ. அதற்கு ஊதா நிறச் சீட்டு ஒட்டிவிடும். விலை பாதாளத்தில் விழும். தமிழ்ப் புத்தகங்களில் இன்னொரு தொல்லை. மாயாவிக் கதைகள் பல தடவை மறுபதிப்புக் கண்டவை. பிந்திய பதிப்பை முந்தியதென்று தலையில் கட்டுவது சுலபம்.

இரத்தினபுரிக் கல் வியாபாரத்திலும் இதே வழக்குத்தான். பால் கலங்கியது போன்ற 'கெவுடா' கற்களை ஒரு காலத்தில் இங்கே மதிப்பாரில்லை. 1970-களில் தாய்லாந்து வணிகர்கள் மலிவாக வாங்கிப் போய்ச் சூளையிற் சுட்டு நீலக்கல்லாக்கி விற்றார்கள். இன்று சுடுவது குற்றமில்லை. சுட்டதைச் சுட்டதென்று சொல்லாமல் விற்பதே குற்றம். சூடு காட்டாத கல் என்று ஆய்வுகூடம் சான்று தந்தால் அதன் விலையே வேறு.

பெரியவருக்குப் பணம் தேவைப்படாமலில்லை. பேத்திக்குப் பெலிஹுல்ஓயாவிலுள்ள சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கின்றது. தங்குமிடத்துக்கும் புத்தகத்துக்கும் கட்டவேண்டும். “அம்மாதான் வேண்டாம் என்றாள்,” என்று மனைவியைக் காட்டினார். அம்மையார் அடுப்படியிலிருந்தே, “எழுத்தை அழிச்சிட்டா அது யாரு வீட்டுப் புத்தகமோ,” என்றார். வியாபாரி தேநீர் குடித்துவிட்டுப் போய்விட்டாராம்.

பிறகு தரம் பார்த்தல் தொடங்கியது. மருமகன்தான் வாங்குபவன்; குறை சொல்லவேண்டியவன் அவனே. ஆனால் ஒவ்வொரு புத்தகத்தையும் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, குறைகளை அவனுக்கு முன் பெரியவரே சொல்லிக்கொண்டு போனார். அவன் இரண்டாந் தரம் என்று நினைத்ததை அவர் மூன்றாந் தரம் என்றார். ஒன்றின் முதுகில் அம்மையார் கோதுமைமாப் பசையால் ஒட்டிய இடத்தை அவன் கவனிக்கவேயில்லை. அவர் நகத்தால் தொட்டுக் காட்டினார். அழகாக இருந்த ஒரு புத்தகத்தை மறுபதிப்பென்று தனியே எடுத்து வைத்தார். விலை பேசி முடிக்க ஒன்றரை மணி நேரமாயிற்று. வாங்குபவன் விலையை உயர்த்த, விற்பவர் அதைக் குறைத்த பேரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கையெழுத்துள்ள ஐந்தில் இரண்டை அவர் தமக்கென்று வைத்துக்கொண்டார். மற்ற மூன்றையும் கொடுத்தார். “எழுத்து இருப்பதால் விலை குறையும் என்றால் குறைத்துக்கொள்ளுங்கள், தம்பி. அழிக்கமட்டும் வேண்டாம்.”

“அழிக்கமாட்டேன், ஐயா.”

“உங்களுக்குப் பிறகு வாங்குகிறவர்?”

மருமகனிடம் அதற்குப் பதில் இல்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. அவன் தொலைபேசியால் ஒவ்வொரு அட்டையையும், கையெழுத்துத் தெளிவாகத் தெரியும்படி, முன்னும் பின்னும் படம் எடுக்கச் சொன்னார். எடுத்த படங்களைப் பேத்தியின் தொலைபேசிக்கும் அனுப்பச் சொன்னார். பிறகு புத்தகங்களைப் பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, தாளின் இரு விளிம்புகளும் சந்திக்கும் இடத்தில், பாதி எழுத்து ஒரு விளிம்பிலும் பாதி மறு விளிம்பிலும் விழும்படி கையொப்பமிட்டார். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளில் இருபத்தொன்பது வரிகள் எழுதி மருமகனிடம் கொடுத்தார்.

மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் அவிசாவளை வரை வரும்போது அப்பட்டியலை நான் வாங்கிப் படித்தேன். எழுத்து நிமிர்ந்த எழுத்து. தொழிற்சாலைக் குறிப்புப் போலச் சுருக்கம். ஏழாவது வரி இவ்வாறு இருந்தது: “மூன்றாந் தரம். கம்பி துரு. நடுப் பக்கம் ஒட்டு, மாப் பசை. பின் அட்டை தேநீர்க் கறை. புகை மணம் உண்டு. முன் அட்டையில் தம்பி எழுத்து, 1976, அழிக்கப்படவில்லை.”